உட்கார்ந்துதான் குழந்தையை வாங்க வேண்டும்

தகவல் வந்தபோது நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நாற்காலிகள் இருந்தன. அவை துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் உட்காருவதற்கு என்று செக்யூரிட்டி முன்பே சொல்லிவிட்டார். சட்டப்படி வைக்க வேண்டிய குழந்தைகள் காப்பகத்தை அந்த நிறுவனம் வைத்திருக்கிறது. சோதனைக்கு ஆடிட் வரும் நாளில் மட்டும் அந்த அறை திறக்கும். பொம்மைகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் மேலாளருக்காகக் காத்திருந்தேன். போன் அடித்தது. எங்கள் அறக்கட்டளை நடத்தும் காப்பகத்தில் சமையல் பார்க்கும் ராணி.

"அம்மிணி, கரண்டு போச்சு. கொழந்தைக எல்லாம் எந்திரிச்சுட்டாங்க. அக்கா எந்திரிக்கலைங்க."

எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தனம் அக்காவை அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் காப்பகத்தின் சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். அந்த எந்திரங்களின் ரீங்காரத்தில்தான் எங்கள் குழந்தைகள் மதியம் தூங்குவார்கள். கரண்ட் போனால் சத்தம் நிற்கும். சத்தம் நின்ற அந்த நொடியில் எல்லாரும் விழித்து அழுவார்கள். அப்போது பாயில் படுத்தபடியே தனம் அக்கா தொண்டைக்குள் அந்த எந்திரத்தைப் போலவே முனகத் தொடங்குவார். ஒரே சுருதியில், மூச்சு வாங்கும் இடம் தெரியாமல். சேலைத் தொட்டில்கள் மெல்ல அசையும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும், எங்கும் இறங்காது. ஒவ்வொரு கண்ணாக மறுபடி மூடும். அன்றைக்கு மட்டும் அந்தச் சத்தம் வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். குழந்தைகளோடு படுத்தவர், தூக்கத்திலேயே போயிருந்தார்.

அந்த முனகலை முதன்முதலில் கேட்ட நாளில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பொறந்த நாள்லேருந்தே இதுங்களையும் ஷிப்டுல போட்டாச்சாக்கா? மிஷின் சத்தமில்லாம தூங்க முடியாத ஒரு தலைமுறையை உருவாக்கிட்டோமே" என்றேன். அக்கா என்னைப் பார்க்காமல், பக்கத்துக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "வயித்துல இருக்கையிலேயே கேட்ட சத்தமுங்க அம்மிணி. அம்மா பக்கத்துல இருக்கறாங்கன்னு நெனச்சுத் தூங்கறாங்க." நிறைமாதம் வரை தையல் எந்திரத்தின் முன் உட்கார வைக்கும் ஊர் இது. அந்தக் கொடுமைதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள்ளேயும் ஒரு குழந்தை தன் அம்மாவைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

தனலட்சுமி பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். நாற்பதுகளின் கடைசியில் இருந்தார். முன்பு ஒரு யூனிட்டில் செக்கிங் வேலை. எங்கள் அறக்கட்டளை இந்தக் காப்பகத்தைத் தொடங்கியபோது வந்து சேர்ந்தார். கைக்குழந்தையாக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். "ஏனுங் கண்ணு, பருப்புச் சோறு சாப்பிடறீங்களா, ரசம் சோறு சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். ஒரு வயதுக் குழந்தை என்ன பதில் சொல்லும்? ஆனாலும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்ப்பார்.

"எதுக்குக்கா இதுங்களுக்கு வாங்க போங்கன்னு மரியாதை?" என்று ஒருமுறை சிரித்தேன்.

"அவிங்களும் ஆளுதானுங்களே. இந்த ஊர்ல அவிங்கம்மாவை எவனும் வாங்க போங்கங்கறதில்ல. இங்கயாச்சும் கேட்டுக்கட்டும்."

அப்படி அவர் காத்திருந்த குழந்தைகளில் ஒருத்தி மீனு. ஒடிசாவிலிருந்து வந்த சுமித்ராவின் மகள். அங்கன்வாடி மதியத்தோடு மூடிவிடும். அதற்குப் பிறகு சுமித்ரா அவளைக் காம்பவுண்டு வரிசை வீட்டின் வாடகை அறையில் வைத்துப் பூட்டி, கையில் போனைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேறு வழி அவளுக்கு இல்லை. பூட்டிய அறைக்குள் வளர்வது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விருதுநகரிலிருந்து வந்த ஒரு டெய்லரின் மகள் நான். பல பகல்களில் கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சம்தான் எனக்கு ஊர். மீனு எங்களிடம் வந்தபோது, பேசும் வயதாகியும் பேசவே மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அக்கா தினமும் அவளிடம் கேள்வி கேட்டார், தினமும் காத்திருந்தார். பதில் வரவில்லை.

இனி எழுதப்போவதைப் பேச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஓவர்லாக் டெய்லர். மகள் கனிக்கும் மீனுவின் வயதுதான். காலையில் தொடங்கி இரவுச் சாப்பாட்டு வேளை வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் பேச்சிக்கும் உண்டு, சுமித்ராவுக்கும் உண்டு. எங்கள் காப்பகம் அதுவரை திறந்திருந்தது. இந்த வட்டாரத்தில் அப்படித் திறந்திருந்தது எங்களுடையது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் ஒரு நிறுவனம் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன் கொடுத்தது. சாயத்தில் ஷேடு மாறிப்போய் பையர் திருப்பி அனுப்பிய மஞ்சள். போட்டுவிட்டால் காப்பகம் முழுக்கச் சாமந்திப் பூ கொட்டியதுபோல் இருந்தது. கனிக்குப் பழனியில் மொட்டை போட்டிருந்தார்கள். மீனுவுக்கு வேனல் கட்டி வந்ததால் மொட்டை. இப்படி இருக்கையில் ஒரு நாள் இரவு, ஷிப்ட் விடும் நேரத்தில், கரண்ட் போய்விட்டது. அக்கா உள்ளே முனகிக்கொண்டிருக்க, தாய்மார்கள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டி, போன் வெளிச்சத்தில் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். பேச்சியும் ஓடினாள்.

அங்கேயும் கரண்ட் இல்லாத வீட்டில் இருட்டிலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். பின்னால் குழந்தை எழுந்து உட்கார்ந்து "போவு" என்றது. ஒடியாவில் அம்மா என்று அர்த்தம். பேச்சிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அது தன் மகளின் குரல் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லை என்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தாள்.

இங்கே அதற்குள் சுமித்ரா வந்து, பாயில் மிஞ்சியிருந்த மொட்டைக் குழந்தையைப் புரட்டிப் பார்த்து அலறியிருந்தாள். அக்கா அவளை உட்கார வைத்து, கனியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, அவள் கையை விடாமல் பிடித்திருந்தார். பேச்சி வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சுமித்ரா பாய்ந்து மீனுவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எம்புள்ளய எனக்கே தெரியலயேக்கா" என்று பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த புள்ளய அடையாளம் தெரியாத பாவியாயிட்டேனே."

"தெரியாமப் போகலைங்க" என்றார் அக்கா. "நீங்க பார்க்கலைங்க. எங்கீங்க பார்க்க உட்டாங்க? மொதல்ல உக்காருங்க."

பேச்சி உட்கார்ந்தாள். அக்கா கனியை அவள் மடிக்கு மாற்றினார். தூக்கம் கலைந்த கனி, அம்மாவின் கூந்தலில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கத் தொடங்கினாள். எதிரே சுமித்ரா மீனுவை மடியில் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். புள்ள என்ன சொல்லிச்சு தெரியுமா என்று பேச்சி அழுதுகொண்டே அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினாள். சுமித்ரா ஆடுவதை நிறுத்தினாள். அவள் மகள் பேசிய முதல் சொல் அதுதான். அதைக் கேட்டவள் வேறொருத்தி. கரண்ட் வந்ததும் அந்தப் பனியன்களின் மஞ்சள் ஒரேயடியாகப் பளீரென்றது. இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தங்கள் குழந்தையின் முகத்தையே பார்த்தார்கள். கனவில் கண்ட காட்சிபோல அது இன்னும் எனக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது.

மறுநாளே அறக்கட்டளையின் கமிட்டி கூடியது. இனி ஆறு மணிக்கு மூடிவிடலாம், பொறுப்பு பெரிது என்றார் செயலாளர் நாச்சிமுத்து. ஆறு மணிக்கு மூடினால் குழந்தைகள் மறுபடி பூட்டிய அறைக்குப் போவார்கள், அவ்வளவுதான். நான் இதைப் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று கத்தினேன். "எழுதுங்க அம்மிணி. பேச்சி பேரைப் போடாம எழுத முடியுமுங்களா? ஊரே அந்தப் புள்ளையைப் பார்த்துச் சிரிக்காம எழுத முடியுமுங்களா?" என்றார் அக்கா. பிறகு செயலாளரிடம் திரும்பினார்: "நேரத்தைக் குறைக்க வேண்டாமுங்க. நின்னுட்டுக் குடுக்கறதை நிறுத்தறனுங்க. உக்காந்துதான் வாங்கோணும். மடியில வெச்சு, மூஞ்சியப் பார்த்து, அப்புறம் போகட்டும்."

அதுதான் எங்கள் காப்பகத்தின் வழக்கமாயிற்று. தொடக்கத்தில் தாய்மார்கள் சண்டை பிடித்தார்கள்.

"பஸ் போயிரும்க்கா."

"போகட்டுமுங்க. அடுத்த பஸ்சுல உக்காரச் சீட்டு கெடைக்கும்."

"ஒங்களுக்கென்ன, நான் போயித்தான உல வைக்கணும்."

"நாங்கூடப் போயித்தானுங்க வெக்கோணும். உக்காருங்க சாமி."

களைத்த பெண்களின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கொஞ்ச நாளில் பாய் போதாமல் போனது. நாள் முழுக்க சூப்பர்வைசரின் அதட்டலில் இருந்த பெண்கள், சுவரில் சாய்ந்து, மடியில் கனத்தோடு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து எந்திரங்களின் ரீங்காரம் தரை வழியாக ஏறி உடம்புக்குள் வரும். பிஞ்சு விரல்கள் கூந்தலில் பஞ்சு பொறுக்கும். அந்த இரவு வேளைகளில் ஊரே மெதுவாக மிதப்பதுபோல் இருக்கும். ஒருநாள் சுமித்ரா "வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டதற்கு மீனு தெளிவாக "இல்லீங்க" என்றாள். எல்லாரும் சிரித்து ஓய வெகு நேரமானது. அக்கா மட்டும் சிரிக்காமல், "கேட்டுக்குங்க, வேண்டாங்கறாங்க" என்றார்.

அடக்கம் முடிந்து காப்பகம் திறந்த அன்று இரவு, ஷிப்ட் விடும் நேரத்தில், செயலாளர் சாவியோடு வந்தார். அக்காவுக்குப் பதில் ஆள் கிடைக்கும்வரை ஆறு மணிக்கு மூடுவது என்று முடிவாம். தாய்மார்களிடம் அவரே சொல்வதற்காக வாசலில் நின்றார். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் பேச்சி முந்திக்கொண்டாள். கத்தவில்லை.

"சார், இங்க நின்னுக்கிட்டு ஒண்ணும் பேசக்கூடாது. அக்கா வச்ச சட்டம். உக்காருங்க."

அவர் தயங்கினார். சுற்றிலும் எல்லாரும் மடியில் குழந்தையோடு அவரைப் பார்த்தார்கள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மீனு நடந்துபோய், அவர் மடி காலியாக இருக்கிறதே என்று ஏறிப் படுத்துக்கொண்டாள். அப்படியே வெகு நேரமாயிற்று. கால் மரத்துப் போயிருக்க வேண்டும், ஆனாலும் அசையவில்லை. கடைசியில், அவளை எழுப்பாத குரலில், "மாசக் கடைசி வரைக்கும் இப்படியே ஓடட்டுமுங்க. அப்புறம் சாயங்கால ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்னு பாருங்க அம்மிணி" என்றார்.

எங்கிருந்து வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பெண்களின் ஒன்றரை ஷிப்டில் தைத்த துணி எந்த நிறுவனத்திலிருந்து கப்பல் ஏறுகிறதோ, அங்கிருந்துதான் வர வேண்டும்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது பேச்சி சொன்னாள்: "எழுதுங்க. ஆனா கடைசியில, இருட்டுல நூறு பிள்ளைக்கு நடுவுலயும் எம்புள்ளய எனக்குத் தெரியும்னு எழுதிருங்க." எழுதிவிட்டேன்.

அக்காவின் முனகல் எனக்கு வரவில்லை. முயன்று பார்த்தேன், குழந்தைகள் சிரிக்கிறார்கள். அவருடைய பொறுமையும் எனக்கு வராது. அவர் உட்கார்ந்த விதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை அந்த ஏற்றுமதி நிறுவனத்தின் அதே வரவேற்பறைக்கு, இந்தச் சம்பளத்தைக் கேட்கப் போகிறேன். பேச்சியும் சுமித்ராவும் கூட வருகிறார்கள், மடியில் வைத்துக்கொள்ளக் கனியும் மீனுவும் வருகிறார்கள். நாற்காலி கேட்கப் போவதில்லை. தரையில் பாயை விரித்து உட்காரப் போகிறோம். மேலாளர் வருவார். அவரையும் முதலில் உட்காரச் சொல்வோம்.