பின் சக்கரத்துக்கு ஒரு பலம்

யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. முதுகெலும்பு முறிந்து படுத்திருந்த என் தங்கையால் ரயிலில் உட்கார முடியாது. அதனால் எங்கள் சின்ன லாரியின் மேல், கட்டில் போட்ட மர அறை ஒன்றைக் கட்டினேன். கனம் தாங்காமல் பின்பக்கம் அமுங்கிச் சக்கரத்தில் உரசியது.

மயிலாப்பூரிலிருந்து மெல்ல உருட்டி, மந்தைவெளியில் பட்டறை வைத்திருந்த காசிம் பாயிடம் போனேன்.

"வண்டியத் தாங்குற ஸ்பிரிங்குக்கு இன்னும் நாலு இரும்புப் பட்டை வேணும் சார். கடையில எங்கியும் கெடைக்காது" என்றவர், உள்ளே படுத்திருந்த தங்கையைப் பார்த்தார். பிறகு தன் சொந்த லாரியைத் தூக்கி நிறுத்தி, அதன் பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"பாய், உங்க வண்டி?"

"நம்ம வூட்டு ஜனங்க அதுல வேலூர் போறதா இருந்தாங்க. எப்படியாவது போய்க்குவாங்க. இந்தப் பொண்ணு போவ முடியாதே."

உள்ளிருந்து தங்கை சொன்னாள்:

"அண்ணா, நாமளும் அந்தப் பக்கம்தானே போறோம்? கட்டிலண்ட இடம் இருக்கு. அவாளையும் ஏத்திக்கலாமே!"

பாய் சிரித்துவிட்டார். "அப்போ இன்னும் ரெண்டு பட்டை போடணும்!"

மறுநாள் ஒவ்வொரு பள்ளத்திலும் அறை படகுபோல் ஏறி இறங்கியது. பாயின் மனைவியோடும் குழந்தைகளோடும் தங்கை சிரிப்பது கேட்டது. அடிபட்ட பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். பயந்து ஓடிய பயணம்தான் அது. ஆனால் இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது.