தயிர்ச்சட்டி ஏறிய ரேஸ் கார்

என்னோடு கம்பஸில் படிக்கிற பையன்கள் காரின் டிக்கிக்குள் குறுக்காக ஒரு குழாயைப் பூட்டிவிட்டு, ஏதோ விமானமே கட்டி முடித்ததுபோல் படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் சிரித்துக்கொள்வேன். அந்தக் குழாய் எதற்கென்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். தெரியும் என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பள்ளி விடுமுறையில் நான் மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவில் மாமா வீட்டில் தங்கி நின்றேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமா வீடு என்பதும் பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சேரும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். ஆகவே வீடு மாமியுடையது. அதைக் கட்டிக்கொடுத்த மாமியின் தகப்பனார் பக்கத்து வளவிலேயே இருந்தார். அவரை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். வாவிக்கு அந்தப் பக்கம் வயல்வட்டையில் வேளாண்மை செய்கிறவர். சாறனை மடித்துக் கட்டினால் ஊரே வழிவிடும். இத்தனைக்கும் நடுவில் மாமாவுக்கென்று இருந்த ஒரே சொத்து ஒரு பழைய ஜப்பான் கார்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்து அந்தக் காரைத் தின்றுகொண்டிருந்தது. ஓடும்போது அதன் முன்பக்கம் ஒரு யோசனையிலும் பின்பக்கம் வேறொரு யோசனையிலும் போகும். ஒரு சில்லு குழியில் விழுந்தால், விழாத பக்கத்துக் கதவும் சேர்ந்து கத்தும்.

ஒருநாள் மாமா கராஜிலிருந்து வந்து டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே இடமிருந்து வலமாக ஒரு தடித்த இரும்புக் குழாய், இரண்டு முனையும் நட்டுப் பூட்டி மினுங்கியது.

“இது என்னத்துக்கு மாமா?”

மாமா மூடியில்லாத ஒரு மட்டைப்பெட்டியை எடுத்து என் கையில் தந்து முறுக்கச் சொன்னார். பெட்டி கோணிக்கொண்டு போனது. பிறகு நான் கோடு போடுகிற அடிமட்டத்தைப் பெட்டியின் இரண்டு சுவருக்கும் குறுக்காக இறுக்கி ஒட்டிவிட்டு, “இப்ப முறுக்கு பாப்பம்” என்றார். பெட்டி அசைய மறுத்தது.

பின் சில்லுகளைத் தாங்குகிற ஷொக் அப்சோபர்கள் இரண்டும் மேலே வந்து பொருந்துகிற இடங்கள் டிக்கிக்குள் இரு பக்கமும் இருந்தன. வளைவில் திரும்பும்போதும், ஒரு சில்லு மட்டும் குழியில் இறங்கும்போதும், அந்த இரண்டு இடங்களும் ஆளுக்கொரு திசையில் இழுபடும். கார் பழசென்றால், துருவும் பிடித்ததென்றால், கேட்கவே வேண்டாம். குழாய் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் வாலாட்டாது.

“வாலாட்டாட்டி வளைவில வேகமாப் போகலாம்தானே? அப்ப இது ரேஸ் கார்தானே மாமா?”

மாமா குசினி வாசலில் நின்ற மாமியைப் பார்த்தார். மாமி கண்ணால் ஏதோ சொன்னார். “ஓம்... ரேஸ் கார்தான்” என்றார் மாமா.

எனக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள், மாமா கல்குடாக் கடற்கரையில் ரேஸ் ஓடப் போகிறார் என்ற செய்தி எங்கள் ஒழுங்கை முழுவதும் பரவியிருந்தது. கல்குடா நான் சேர்த்தது. ரேஸ் என்றால் ஓர் இடம் வேண்டாமா?

மறுநாள் தாத்தா வந்தார். டிக்கிக்குள் குனிந்து பார்த்தார்.

“என்ன மருமகன், டிக்கிக்குள்ள கொடி கட்டியிருக்கீங்க? சீலை காயப்போடவா?”

மாமா தலையைச் சொறிந்தார்.

“கலியாணம் முடிச்ச ஆள் ஓடுற ஓட்டமா இது? இந்தத் தகரத்த வித்துப்போட்டு ஒரு உழவு மெசின் எடுங்க. வயலுக்காவது உதவும். வாங்கிற ஆள நான் பாக்கிறன்.”

மாமா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். மாமி கர்ப்பமாக இருந்தார். அதற்கு முன் இரண்டு தடவை உண்டான உடனேயே ஊருக்குச் சொல்லி, ஊர் வந்து வாழ்த்தி, பிறகு அதே ஊர் துக்கம் விசாரிக்கவும் வந்து போயிருந்தது. இந்த முறை ஐந்தாம் மாதம் பிறக்கும்வரை பெற்ற தகப்பனுக்குக்கூட மூச்சு விடக்கூடாது என்று மாமி மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர், உடம்பு குலுங்காமல் வந்து போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். நெரிசல் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் அது நடக்கிற காரியமா? அந்தக் கார் போனால் மாமிக்கு வேறு வழியில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ரேஸ் மட்டும்தான்.

பயிற்சி ஓட்டத்துக்கு மாமா என்னை ஏற்றினார். பின்சீட்டில், என் பக்கத்தில், ஒரு சட்டித் தயிர்.

“இத நீ பிடிக்கப்படாது. தயிர் உடையுதா எண்டு மட்டும் பார்.”

“ரேஸ் காருக்குத் தயிர் என்னத்துக்கு மாமா?”

“எல்லா ரேஸ்காரனும் இப்பிடித்தான் பாக்கிறது புள்ள.”

நம்பினேன். ஆனால் ஓட்டம் என் மானத்தை வாங்கியது. ஒழுங்கையில் ஊர்ந்து, பெரிய வீதியில் ஏறி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் எல்லோரும் எங்களை முந்திப் போனார்கள். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் முந்தும்போது எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதா? தள்ளிவிடவா?” என்று கேட்டார். நான் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தயிர் வெடித்து நீர் விட்டிருந்தது. மாமாவின் முகம் அதைவிட மோசமாகிவிட்டது. குழாய் உடலின் முறுக்கலைத்தான் பிடிக்கும். குழியின் அடியை வாங்கிக்கொள்வது ஷொக் அப்சோபர். இதை நான் விரிவுரையில் படித்தேன், மாமா தயிரிடம் படித்தார். அடுத்த நாள் ஷொக் அப்சோபர்களையும் மாற்றிக்கொண்டு வந்தார். மறுபடியும் தயிர், மறுபடியும் ஊர்வலம். இந்தத் தடவை சட்டியைத் தூக்கிப் பார்த்த மாமா அதைக் கட்டிப்பிடிக்காத குறை. மாமி அந்தத் தயிரில் சீனி போட்டு எனக்கும் தந்து தானும் சாப்பிட்டார். ரேஸில் வென்றதுபோல் இரண்டு பேரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாத்தா, சொன்னதுபோலவே, கார் வாங்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றுதான் மாமி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். வந்தவர் காரைச் சுற்றி நடந்தார், டயரை உதைத்தார், டிக்கியைத் திறந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். மாமா தூணோடு தூணாக நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்குடா போச்சு.

அப்போது மாமி வெளியே வந்தார். கையில் தலையணை. யாரோடும் பேசாமல் காரின் பின்கதவைத் திறந்து, மெதுவாக உள்ளே ஏறி, தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டார்.

“கார விக்க வேணாம் அப்பா.”

“உனக்கு என்னத்துக்குப் புள்ள இந்தத் தகரம்?”

தாத்தா தலையணையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வயிற்றின்மேல் மகள் வைத்திருந்த கையைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் மருமகனைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்தார்.

வந்தவர் பொறுமையிழந்து, “என்ன அண்ணே, குடுக்கிறயளா இல்லையா?” என்று கேட்டார்.

தாத்தா டிக்கியைச் சாத்தினார். “மருமகன் ரேஸ் ஓடப் போறாராம். கார் இல்லாம எப்பிடி ஓடுற? நீங்க வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்.”

நான் துள்ளினேன். தாத்தா எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்! அன்றைய ஓட்டத்தில் என்னை ஏற்றாமல் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அடுத்த நாள் விடிந்து எழும்பிப் பார்த்தால், தாத்தா வயலுக்குப் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு லோட் கிறவல் மண் இறக்கி, மண்வெட்டியால் அள்ளிப் போட்டு எங்கள் ஒழுங்கையின் குழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் கேட்டதற்கு, “மருமகனுக்கு ரேஸ் இருக்கு” என்று பிடிவாதமாக அதையே சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் கடகப்பெட்டியில் மண் சுமந்து கொடுத்தேன். அவர் கொட்டி, காலால் மிதித்து, உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். சரியில்லை என்று மறுபடியும் மிதித்தார்.

“தாத்தா, மாமா வெல்லுவாரா?”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நெற்றியைத் துடைக்கிறவர்போல் கண்ணையும் சேர்த்துத் துடைத்தார்.

“வெல்லத்தான் வேணும் புள்ள. இந்த முறையாவது வெல்லத்தான் வேணும்.”

ஒரு கார் ரேஸுக்காக இவ்வளவு கவலைப்படுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. அவரைத் தேற்றுவதற்காக, அடுத்த கடகத்தில் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டு ஓடினேன்.