பெயர் மாறிக் கிடந்த படகுப் பணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு வங்கியில் வெளிநாட்டுப் பணம் பார்க்கும் கவுண்டரில் இருந்தேன். பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பும் பணம்தான் வரும். அந்த வேலையில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது என்ற நினைப்பு எனக்கு உண்டு. வீண் நினைப்பு அல்ல, எனக்கு வேலை அவ்வளவு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். பாய்மரப் படகில் மாலத்தீவு, இலங்கை என்று தீவு தீவாகச் சுற்றுகிறவர்கள். வழியில் பாய் கிழிந்து, தூத்துக்குடியில் படகைக் கட்டிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார்கள். கையிருப்பு கரைந்துவிட்டதால் ஊரிலிருந்து பணத்தை எங்கள் கிளைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வரைபடத்தில் அந்தப் பக்கம் பெரிய எழுத்தில் இருந்த ஊர் மதுரைதானாம்.

காற்று திசை மாறுவதற்குள் புதுப் பாய் கட்டிக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் படகைப் பாதி விலைக்கு ஓர் உப்பு வியாபாரியிடம் தள்ளிவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவர்களுக்கு வீடு கிடையாது. படகுதான் வீடு.

தினமும் வந்தார்கள். எங்கள் சீனியர் கிளார்க் தினமும் தேடிவிட்டு, "அம்புட்டையும் பாத்துட்டேம்மா, வரல" என்பார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். அந்தப் பெண்ணின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

காத்திருந்த நேரத்தில் அவள் என்னோடு பேசுவாள். படகில் வரவு செலவு அவள் பொறுப்பு. நடுக்கடலில் காசுக்கு வேலையே இல்லை, கரையில் கால் வைத்தால்தான் செலவு என்றாள். புது ஊரில் இறங்கியதும் சந்தைக்குப் போய் முட்டை என்ன விலை என்று கேட்பாளாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பணத்தை மாற்றுவாள், அதுவும் அந்த வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும். ஒரு சின்னத் தீவில் நோட்டைச் சீந்துவாரில்லாமல், தூண்டில் முள் கொடுத்துத் தேங்காய் வாங்கினார்களாம். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. இப்படிப்பட்டவளை ஒரு பாய்த் துணி கவிழ்ப்பதா என்று ஆத்திரமும் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம். கணவர் வாசலில் நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் கவுண்டரிலிருந்தே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாதாரணக் குரல் அல்ல, படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரல். வங்கியே திரும்பியது. நகைக்கடன் வரிசையில் நின்ற அம்மா ஒருவர், "ஆத்தாடி, புருசன் பேரச் சொல்லில்ல கூப்புடுது!" என்று வாயில் கை வைத்தார்.

நானும் திடுக்கிட்டேன். ஆனால் என் காரணம் வேறு. அந்தப் பெயரை நான் பார்த்திருந்தேன், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பணத்தின் மேல்.

நடந்தது இதுதான். அவர் பெயரில் இரண்டு சொல். நம் ஊரில் முன்னால் வருவது அப்பா பெயர், அதை இனிஷியலாகச் சுருக்கிவிடுவோம். பின்னால் வருவதுதான் ஆள். அவரோ சொந்தப் பெயரை முன்னாலும் குடும்பப் பெயரைப் பின்னாலும் எழுதிக் கொடுத்திருந்தார். சீனியர் முன்னதை இனிஷியலாக்கிவிட்டுப் பின்னதைத் தேடினார். பணம் அனுப்பிய வங்கி குடும்பப் பெயரை முன்னால் போட்டிருந்தது. அதையும் சீனியர் அதே மாதிரி சுருக்கி, சொந்தப் பெயரில் பதிந்துவைத்திருந்தார். ஒரே மனிதர் இரண்டு ஆளாகிவிட்டார்.

"அண்ணே, அந்தாளுக்கு அப்பா பேரு பின்னாலண்ணே வருது!" என்றேன்.

"அதெப்படிம்மா பின்னால வரும்?" என்று சண்டைக்கு வந்தவர், பாஸ்போர்ட்டைக் காட்டியதும் தலையைச் சொறிந்தார்.

அன்றே பணம் கிடைத்தது. கணவர் கையெழுத்துப் போட்டார், எண்ணிப் பார்க்காமல் அவளிடம் தள்ளினார். அவள் என் முன்னாலேயே மூன்றாகப் பிரித்தாள். ஒன்று சாப்பாட்டுக்கு. ஒன்று படகுக்கு. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன்.

ஒரு ஆளுக்கு விமான டிக்கெட் என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு. இவரோடு இருக்க முடியாது என்று தோன்றினால் போக வேண்டுமே. போக முடியும் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக இருக்க முடிகிறது."

கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் சம்பளத்தை முழுதாக எடுத்து என் கணவர் கையில் கொடுப்பது வழக்கம். காலையில் பஸ்ஸுக்குக்கூட அவரிடம் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். ஊர்ப் பணத்தையெல்லாம் கட்டி மேய்க்கிறவள் நான். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துத் தனியாக வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறதுக்கு."

"இந்தா இருக்கிற கீழக்குயில்குடிக்கு இம்புட்டு எதுக்கு?"

"கோவிச்சுக்கிட்டுப் போகணும்னா, பஸ் காசுக்கு ஒங்ககிட்டயா வந்து நிக்கிறது?" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.