கேக்குன்னா கேக்கணும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவின் வாழ்க்கையை எழுதித் தருமாறு அவருடைய மகள் கேட்டுக்கொண்டாள். ஒரு செய்தியை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றை எழுத என்னால் இயலவில்லை.

அக்கா படப்பையில் பிறந்தார். நான் அவருக்கு ஏழாண்டு இளையவன். தந்தையார் காலமானபோது அக்கா ஆசிரியப் பயிற்சியை முடித்திருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து, தாயாரையும் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். நான் முனைவர் பட்டம் வரை படித்தது அவருடைய உழைப்பில். எங்கள் குடும்பம் சைவம். அக்காவின் சைவம் இன்னும் கண்டிப்பானது. நான் கல்லூரி உணவகத்தில் ஆம்லெட் சாப்பிட்டது தெரிந்தால், குளித்த பிறகுதான் சமையலறைக்குள் விடுவார்.

அக்காவின் மகளுக்கு நான்கு வயதானபோது அத்தான் விபத்தில் இறந்தார். அதன்பின் பல நாட்கள் அக்கா கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. அதையும் பாதியில் வைத்துவிடுவார். ஒரு மாலை, கல்லூரியிலிருந்து மின்சார ரயிலில் திரும்பிய நான், மேற்குத் தாம்பரத்தில் நிலையத்தை அடுத்த பேக்கரியில் ஹனி கேக் வாங்கிச் சென்றேன். மேலே சிவப்பு ஜாம், அதன்மேல் தேங்காய்த் துருவல். அக்கா பொட்டலத்தைப் பார்த்தார்.

“முட்டை போட்டிருப்பாங்களேடா.”

“இல்லக்கா. கேட்டுட்டேன்.”

நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற அச்சம். அக்கா ஒரு துண்டை முழுதாகச் சாப்பிட்டார். இன்னொன்றை மகளுக்கு ஊட்டினார்.

அன்று முதல் அவருக்கு இனிப்பென்றால் ஹனி கேக்தான். மகளின் பிறந்தநாள், மாணவர்களின் தேர்வு முடிவு, எனக்கு வேலை கிடைத்த நாள், எல்லாவற்றுக்கும் அதுவே. தனியாகச் சாப்பிட அவருக்குத் தெரியாது. அளவெடுத்ததுபோல் சதுரங்களாக வெட்டி, அண்டை வீடுகளுக்கும் ஆசிரியர் அறைக்கும் கொண்டுபோவார். ஒருமுறை, விரதம் இருந்த சக ஆசிரியை தயங்கியிருக்கிறார்.

“தாராளமா எடுத்துக்கோங்க டீச்சர். முட்டை கிடையாது. என் தம்பி கேட்டுட்டுத்தான் வாங்கினான்.”

“உங்க தம்பி பிஎச்டி பண்ணதே இதுலதானா டீச்சர்?” என்று சிரித்தபடி அவர் எடுத்துக்கொண்டாராம். அக்கா அதை என்னிடம் பெருமையோடு சொன்னார்.

நான் பொட்டலத்தோடு வாசலில் நின்றால் போதும். “கேட்டியாடா? கேக்குன்னா கேக்கணும்” என்பார். “கேட்டாச்சுக்கா” என்பேன். எங்கள் இருவருக்கும் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. நடுவில் எத்தனையோ நாள் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். உண்மை வேறாக இருந்தால், அதுவரை உண்டதையெல்லாம் அக்கா எப்படித் தாங்குவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு அக்கா பள்ளிக்கரணையில் மகள் வீட்டில் இருந்தார். சிறுநீரகம் பழுதடைந்து, இரண்டாண்டுகள் டயாலிசிஸில் கழிந்தன. கடைசி வாரத்தில், விரும்பியதைக் கொடுக்கலாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். ஹனி கேக் கொண்டுபோனேன். அக்காவால் சரியாகப் பேச முடியவில்லை.

“கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

விரல் நுனியளவு வாயில் வைத்தோம். மீதியை, “நர்ஸம்மாவுக்குக் குடு” என்றார்.

பதினாறாம் நாள் படையலுக்கு முன்தினம் அக்கா மகள், “மாமா, அம்மாவுக்குப் புடிச்ச ஹனி கேக் வைக்கணும். எப்பவும்போல நீங்களே கேட்டு வாங்கிட்டு வாங்க” என்றாள். அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

“எக்லெஸ்னா தனியா சொல்லணும் சார். ஹனி கேக்ல எப்பவுமே முட்டை உண்டு” என்றார் கடைக்காரர்.

“எப்பவுமேன்னா?”

“எங்கப்பா காலத்துலேர்ந்தே. நீங்க நம்ம பழைய கஸ்டமராச்சே, இது தெரியாதா?”

வெறுங்கையோடு திரும்பி, அக்கா மகளிடம் அனைத்தையும் சொன்னேன். “அம்மா கேட்டுக்கிட்டேதானே இருந்தாங்க மாமா” என்றாள்.

மறுநாள் படையலில் ஹனி கேக் இல்லை. ஏன் இல்லையென்று சிலர் கேட்டீர்கள். நான் பதில் கூறவில்லை. இன்று கூறிவிட்டேன்.

டயாலிசிஸ் நாட்களில் தம் காரில் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பள்ளிக்கரணை அண்டை வீட்டாருக்கும், தாயைக் குழந்தைபோல் பேணிய மகளுக்கும், உடன் நின்ற மாப்பிள்ளைக்கும், செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் கையால் அந்தக் கேக்கை வாங்கி உண்ட சைவர்களும் விரதம் பூண்டவர்களும் உங்களில் பலர் உண்டு. அவர் உங்களிடம் சொன்னது தவறான செய்தி. ஆயினும் அக்கா பொய் சொன்னவரல்லர். தம்பியின் சொல்லை அப்படியே உங்களுக்குச் சொன்னார். உங்களுக்கு வருத்தமோ கோபமோ இருப்பின், அவர் படத்தின் முன் அதை வைக்க வேண்டாம். என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் தாம்பரத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

தம்பி