ஒற்றில்லாக் காய்ச்சல்

என் தங்கையை வாயில்லாப் பூச்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். இன்றைக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. அதனால் முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், உட்கார ஒரு முக்காலி. மெஷினில் பேப்பர் சிக்கினால் நான் போடும் சத்தத்திலேயே அது சரியாகிவிடும் என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். எல்லோருக்கும் நான் ஜெராக்ஸ் அக்கா. விடுப்புக் கடிதம் அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. காய்ச்சல், வயிற்றுவலி, நெருங்கிய உறவினர் மரணம் என்று மூன்று கடிதங்கள் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஒருத்தன் ஒரே வருடத்தில் இரண்டு தாத்தாக்களைச் சாகடித்துவிட்டு மூன்றாவதுக்கு வந்து நின்றான். "தாத்தா ரெண்டு பேருக்கு மேல கிடையாதுப்பா, சித்தப்பாவுக்கு மாறிக்கோ" என்று அனுப்பிவைத்தேன்.

தங்கை அந்தக் கல்லூரியில்தான் இரண்டாம் வருடம் இயற்பியல் படிக்கிறாள். என்னைவிட ஒரு தலை உயரம், ஆனாலும் வீட்டில் அவள் குட்டி. சின்ன வயதிலிருந்தே அவளுக்காகப் பேசுவது என் வேலை. டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட நான்தான். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

இன்று காலை பத்தேகாலுக்கு இயற்பியல் துறை கிளார்க் ஒரு தாளை நீட்டினார். "பன்னண்டு காப்பி போடும்மா. நாலு மணிக்கு எல்லா போர்டுலயும் ஒட்டணும்." வகுப்புக்கு வராததால் பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியல். வழக்கம்போல எவனெவன் மாட்டினான் என்று மேலோட்டமாகப் பார்த்தேன். ஏழாவது பெயர் குட்டியுடையது.

பன்னிரண்டு காப்பியும் எப்படிப் போட்டுக் கொடுத்தேன் என்று தெரியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினேன். இரண்டாம் மாடியில் அவளுடைய வகுப்பறைக் கதவு மூடியிருந்தது; ஆனாலும் பாடம் நடத்தும் குரல் வெளியே கணீரென்று கேட்டது. கதவுக்கு எதிரே, மேலே போகும் படிக்கட்டில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு குட்டி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற இங்க?"

"கிளாஸ் கவனிக்கிறேன்."

"கிளாஸ் உள்ளதானடி நடக்குது?"

"உள்ள போக முடியலக்கா" என்றாள். "கதவுகிட்ட போனாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. கையெல்லாம் வேர்க்குது. மூச்சு மேலயே நின்னுக்குது."

அந்த வகுப்பை எடுக்கும் பேராசிரியை பத்து மணி அடித்தால் கதவை மூடிவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே கதவு மேடம். ஒரு நாள் குட்டி ஒரு நிமிடம் தாமதம். கதவைத் திறந்ததும் அறுபது தலைகள் திரும்பியிருக்கின்றன. பதறியதில் பை கீழே விழுந்து பேனா, ஸ்கேல் எல்லாம் உருண்டோட, வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் கைப்பிடி வரை கை போகவில்லை. அதோடு பதினேழு வகுப்புகள் போயின. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் துறை அலுவலகத்தில் ஒரு காய்ச்சல் கடிதம்.

"கடிதம் எவ அடிச்சுக் குடுத்தா?"

"நான்தான். உன் கம்ப்யூட்டர்ல. நீ சாப்பிடப் போறப்ப."

என் கடையில், என் பேப்பரில், எனக்கே காது குத்தியிருக்கிறாள்! திட்ட வாயெடுத்துக்கொண்டே கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

"சரி, மேடத்துகிட்ட போவோம். மஞ்சள் காமாலைன்னு சொல்லிடலாம். அப்பதான் தோண்டித் துருவ மாட்டாங்க."

"பொய் வேண்டாம்கா. ஏற்கனவே பதினேழு ஆச்சு."

"நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

பதினொரு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனோம். நாற்காலிகளில் எல்லாம் விடைத்தாள் கட்டுகள். நின்றபடியே ஆரம்பித்தேன்: குடும்பச் சூழ்நிலை, உடம்பு, பலவீனம், தங்கமான பிள்ளை. மேடம் ஒரு ஃபைலைப் பிரித்து, குட்டியின் கடிதங்களில் ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"மூணாவது வரியப் படிங்க."

படித்தேன். 'கடும் காய்சல் காரணமாக'.

"காய்ச்சலுக்கு ஒற்று எங்க? ரெண்டு வருஷமா இந்தக் காலேஜ்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒற்று இல்லாமத்தான் வருது. ஏதோ புது வியாதின்னு நினைச்சேன். எந்தக் கடைன்னு இப்பதான் தெரியுது."

எனக்குக் காது வரை சூடேறியது. எத்தனை நூறு காய்ச்சல்! மானம் கப்பலேறியது. அந்தப் பதற்றத்தில் வாய்க்கு வந்ததை உளறினேன். "மஞ்சள் காமாலை மேடம்! அதுதான் தப்பா அடிச்சுட்டோம்!"

"அக்கா."

குட்டிதான். முகம் வெளுத்திருந்தது. "நீ கொஞ்சம் வெளிய இரு."

எனக்குச் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். பத்தொன்பது வருடம் இவளுக்கு வாயாக இருந்தவளை வெளியே போகச் சொல்கிறாள். போனேன். போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டேன், பின்னே?

முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பேசுடி, பேசுடி என்று நான் இந்தப் பக்கம் முணுமுணுத்தேன். பிறகு அவள் குரல் வந்தது.

"மேடம், எனக்கு ஒரு நாள்கூட காய்ச்சல் இல்ல. பயம். கதவத் தொறந்தா எல்லாரும் பாப்பாங்கன்னு பயம். ஆனா பதினேழு கிளாஸும் வெளிய படிக்கட்டுல உக்காந்து எழுதியிருக்கேன்."

நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திடீரென்று மேடம் சிரித்தார். "நான் சொன்ன ஜோக்கக்கூட எழுதியிருக்க! உள்ள ஒருத்தரும் சிரிக்கலையே!"

"நான் சிரிச்சேன் மேடம். வெளிய."

நோட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு மேடம் சொன்னார்: "எனக்கு ஒரு காது சரியா கேக்காதும்மா. பக்கத்து லேப்ல மோட்டார் ஓடினா நீங்க கேக்கற கேள்வி ஒண்ணும் புரியாது. அதுக்குத்தான் மூடறேன். தாழ்ப்பாள் போட்டதே இல்ல. கடிதம் இத்தனை வந்தும் உன்னைக் கூப்பிட்டுக் கேக்காம விட்டது என் தப்பு."

பிறகு வேலை விஷயம். நிஜக் காரணத்தோடு ஒரு கடிதம் வேண்டும், மேடம் கையெழுத்துப் போடுவார். துறைத் தலைவரும் போட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும். அவர் மூன்றரைக்குத்தான் வருவார். போடுவாரா என்று உறுதி சொல்ல முடியாது. திங்கட்கிழமை கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். வகுப்பில் வாசலை ஒட்டிய இடம் அவளுக்கு, ஆனால் இனி ஒரு வகுப்பும் விடக் கூடாது.

கதவு திறந்தது. நான் நிமிர்வதற்குள் மேடம் என்னைப் பார்த்துவிட்டார். "இந்தத் தடவை ஒற்றோட அடிங்கம்மா" என்றார்.

கடை திறந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், குட்டி பின்னால் நின்றாள்.

"காரணம் என்ன போட? பொதுவா உடல்நலக் குறைவுன்னு..."

"பதற்றம்னு போடு."

"மெதுவா பேசுடி. எல்லாரும் நிக்கறாங்க."

"நிக்கட்டும்கா. எனக்கு இருக்கறத எழுத உனக்கு என்ன பயம்?"

நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தது நான்தான். அடித்தேன்: 'வகுப்பறைக் கதவைத் திறக்க முடியாத அளவுக்கு எனக்குப் பதற்றம் ஏற்படுகிறது.' ஒற்றுகளை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளே வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்றரை ஆயிற்று, மூன்றேமுக்கால் ஆயிற்று. யாருக்கோ ஒரு பக்கத்தைத் தலைகீழாக நகல் எடுத்துக் கொடுத்தேன். காலையில் குட்டியின் பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருத்தன் மறுபடி வந்தான். கைப்பந்துக் குழுவின் தலைவன், பட்டப்பெயர் மைக். நாலு தெருவுக்குக் கேட்கும்படிதான் அவன் பேசுவான். எப்போதும் காய்ச்சல் கடிதம் வாங்குகிறவன். காய்ச்சலைத் திறந்து வைத்தேன்.

"அக்கா" என்றான், மேஜைக்குமேல் குனிந்து, எனக்கே கேட்காத குரலில். "காய்ச்சல் வேண்டாம். காலைல ஒண்ணு அடிச்சீங்கல்ல... எனக்கும் அதேதான்."

கேலி செய்கிறானா என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. முக்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். பாதி வரிதான் ஆகியிருக்கும், எதிரே கல்லூரி வாசலிலிருந்து ஒரு கூச்சல்.

"அக்கா! பேரை எடுத்துட்டாங்கக்கா! நான் பரீட்சை எழுதப் போறேன்!"

குட்டி! கடிதத்தைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு நடுவே நின்றாள். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள், சைக்கிளில் போனவர்கள், வாட்ச்மேன், என் வரிசை, மொத்தத் தெருவும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாக ஒரு முறை கத்தினாள்.