கிள்ளானில் ஒலித்த குரல்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஓரிடத்தில் அமர்ந்து வேறோர் இடத்துக் கணினியை இயக்க உதவும் மென்பொருளில் பழுது நேர்ந்தால் சரிசெய்வது என் பொறுப்பு. இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியாகத்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடொன்றில் பார்வையற்ற ஓர் அக்கா இருந்தார். கிள்ளானில் ஒரு சரக்கு முகவரின் அலுவலகத்தில் தட்டச்சர். முதலாளி ஒலிநாடாவில் பேசிய கடிதங்களைக் கேட்டுத் தட்டுவார், அலுவலகக் கணினியில் இருந்த ஆங்கிலக் குரல் தட்டியதை வாசித்துச் சொல்லும், பிழையைத் திருத்துவார். பேருந்துக்குப் போகும் வழியில் சாலையோரக் கால்வாயில் விழுந்து முழங்கால் முறிந்தபின், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டார். முதலாளி ஒரு நாள் செய்துகாட்டச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய நாள் மாலை அவர் வீட்டுக்குப் போய், வீட்டுக் கணினியை எங்கள் மென்பொருளால் அலுவலகக் கணினியோடு இணைத்தேன். கிள்ளானிலிருந்து வரவேண்டிய குரல் திக்கித் திக்கி வந்தது. ஒலியின் தரத்தைக் குறைத்ததும் சீரானது. அக்கா மகிழ்ந்து தேநீர் போட எழுந்தார். நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அந்த முனையும் சரிதானா என்று பார்க்க, ஒலியைக் கிள்ளான் கணினியிலேயே வரும்படி மாற்றி, அங்கிருந்த குமாஸ்தாப் பெண்ணிடம் கைத்தொலைபேசியில் கேட்டேன். நன்றாகக் கேட்கிறது என்றாள். திரையும் தடையின்றி ஓடியது. என் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஒலியைத் திருப்பி வைக்க மறந்தேன்.

புறப்படும்போது ஒன்று சொன்னேன்: “என்ன ஆனாலும் லைனை மட்டும் வெட்டாதீங்க அக்கா. மறுபடி கிடைக்கிறது கஷ்டம்.”

மறுநாள் முற்பகலில் குமாஸ்தாப் பெண் என்னை அழைத்தாள்.

“மிஸ், இங்க ஆளில்லாத நாற்காலி முன்னாடி கம்ப்யூட்டர் காலையிலேருந்து வெள்ளைக்காரன் மாதிரி பேசிக்கிட்டே இருக்கு லா! லோரி டிரைவர் அண்ணே பேய்னு விபூதி பூசிக்கிட்டாரு.” சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். “ஒரே வரிய ரெண்டு தடவை படிக்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க. பாஸும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அழைத்தேன். இருந்த ஒரே தொலைபேசி கணினியோடு இணைந்திருந்ததால் மணி போகவில்லை. டாக்சி பிடித்தேன்.

அக்கா தட்டிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சியா? சத்தமே வரலம்மா. லைனை வெட்டினா உனக்குக் கூப்பிட்டிருப்பேன். நீதான் வெட்டாதேன்னியே.”

“என் தப்பு அக்கா. சத்தத்தைக் கிள்ளானுக்குத் திருப்பிட்டு மறந்துட்டேன்.”

அவர் கைகள் நின்றன. “அப்போ அங்க எல்லாரும் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“தப்புத் தப்பா அடிச்சதையுமா?”

ஆமாம் என்றேன். அவர் முந்தானையால் விசைப்பலகையைத் துடைத்தார். அதில் தூசி இருக்கவில்லை.

அங்கிருந்தே அக்காவின் முதலாளியைக் கைத்தொலைபேசியில் அழைத்து, தவறு முழுவதும் என்னுடையது என்றேன்.

“யாரு தப்புன்னு நான் கேக்கல, மிஸ். காலையிலேருந்து ஒண்ணுமே காதுல விழல, அதை எனக்குச் சொல்ல அவங்களுக்கு வழியில்ல. நாளைக்கு அவசர லெட்டர்னா நான் என்ன செய்வேன்?”

நான் மன்றாடியதால் இன்னொரு நாள் கொடுத்தார். அன்று ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டிலிருந்து என்று முடிவு செய்தார்.

“ரெண்டு நாளாவது கிடைச்சுதே, விடும்மா,” என்றார் அக்கா. என்னைத் தேற்றுவதற்காக அவர் அப்படிப் பேசவேண்டியிருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. மற்ற நாட்களில் வெள்ளைக் கோலோடு கிள்ளான் பேருந்தில் ஏறினார். அந்த முற்பகல் ஒழுங்காகப் போயிருந்தால் வாரம் முழுவதும் கொடுத்திருப்பாரா என்று முதலாளியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.