டம்மி சட்டியும் கெப்பாயாங் கொட்டையும்

1. காலிச் சட்டி

டம்மி சட்டி காலியாக இருந்தது. ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. கரண்டி போட்டு வழித்திருக்கிறார்கள்.

பக்கத்துக் குப்பைத்தொட்டியில் உடைத்த கெப்பாயாங் ஓடுகள் கிடந்தன. ஓர் ஓட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டியிருந்த பருப்பு தேங்காய்போல் வெள்ளையாக இருந்தது. கெப்பாயாங் கறுப்பாக இருந்தால் உணவு. வெள்ளையாக இருந்தால் விஷம்.

நான் பதினேழு வருடமாக மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி சமையல் நிகழ்ச்சிகளில் பின்கட்டு வேலை செய்கிறேன். சாமான் வாங்குவது, ஊறப்போடுவது, நறுக்குவது, கழுவுவது எல்லாம் நான்தான். செஃப் கையை நீட்டியதும் சின்னக் கிண்ணங்களில் எல்லாம் தயாராக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவை தானாக நிரம்புவதில்லை. என் பெயர் திரையில் ஓடாது. ஓடவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிகழ்ச்சியிலும் இரண்டு சட்டி உண்டு. கேமரா முன்னால் தாளித்துக் கொட்டிக் கிளறுவது டம்மி சட்டி. காலையிலேயே பின்கட்டில் நான் பொறுமையாகச் சமைத்து வைப்பது ஹீரோ சட்டி. செஃப் மூடியைப் போட்டு "ஒரு மணி நேரம் கழிச்சு பார்க்கலாம்" என்பார். கட். சட்டியை மாற்றுவோம். மூடியைத் திறந்து "ஆஹா" என்பார். விருந்தாளி "சூப்பர்" என்பார்.

படப்பிடிப்பு முடிந்ததும் லைட்காரர், கேமராக்காரர் எல்லாரும் தட்டோடு வந்துவிடுவார்கள். ஹீரோ சட்டி ஐந்து நிமிடம் தாங்காது. அது தீர்ந்தால் டம்மி சட்டிக்குப் போவார்கள். அதிலும் நல்ல ஆட்டிறைச்சிதானே இருக்கிறது? யாரும் தடுத்ததில்லை. நானும் தடுத்ததில்லை.

"டம்மி சட்டிய யாரு காலி பண்ணது?" என்று கத்தினேன்.

லைட்காரர் வாயில் சோற்றோடு சொன்னார். "குணா பையில ஊத்தி தாப்பாவ் கட்டிட்டுப் போய்ட்டான்கா. வீட்டுக்கு. அஞ்சு நிமிசம் ஆச்சு."

"வேற யாரு சாப்பிட்டா?"

"யாரும் இல்லக்கா. நாங்க எல்லாம் ஹீரோதான். ஏன், உங்களுக்கு வேணுமா?"

குணா எங்கள் சவுண்ட்மேன். ஷா ஆலம் ஸ்டூடியோவிலிருந்து கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போவான். வீட்டில் அவனும் மனைவியும், வயதுக்கு வந்த இரண்டு பெண்களும். போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

2. எப்படி நடந்தது

எங்கள் நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு வாரமும் ஏதாவது வினோதப் பொருள் வேண்டும். சாம்பாரும் கோழிக்குழம்பும் யாரும் பார்ப்பதில்லையாம். செஃப் தர்மேன் இதில் கெட்டிக்காரன். ரசத்தில் இஞ்சிப்பூ போட்டான். சாம்பாரில் தெம்போயாக், அதாவது புளிக்கவைத்த டுரியான், போட்டான். அன்று ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்கு அந்த வாடை இன்னும் ஞாபகம் இருக்கும். அவன் "வித்தியாசமா இருக்குல்ல?" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான். சட்டியைத் தேய்த்தவள் நான்.

அந்த வாரம் கெப்பாயாங். காட்டு மரத்தின் கொட்டை. மலாய்க்காரர்களும் பெரானாக்கான் சீனர்களும் அருமையாகச் சமைப்பார்கள். ஆனால் பச்சையாகச் சமைக்கக் கூடாது. வேகவைத்து, சாம்பலும் மண்ணும் போட்டுப் பல நாள் புதைத்து வைத்தால்தான் விஷம் போகும். அப்போது பருப்பு கறுப்பாகிவிடும். பதப்படுத்திய கறுப்புக் கொட்டைகளை வாங்கி, ஐந்து நாள் தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்தேன். பருப்பைத் தோண்டி அரைத்து ஹீரோ சட்டியை நானே சமைத்தேன்.

எங்கள் தயாரிப்பாளர் ரேணு, மேசையில் அழகுக்கு வைக்கக் கொஞ்சம் புதுக் கொட்டையும் வேண்டும் என்றார். கிள்ளான் பாசாரில் தெமெர்லோவிலிருந்து வரும் ஓர் அம்மாவிடம் வாங்கினேன். அந்த அம்மா பையைக் கொடுக்கும்போதே கையை ஆட்டி, "ஜாஙான் மாக்கான், காக்" என்றார். சாப்பிட்டுவிடாதே என்று மூன்று தடவை சொன்னார். பாசாரில் முன்பின் தெரியாத ஒரு மனுஷிக்கு இருந்த அக்கறை அது.

நான் தட்டில் சீட்டு ஒட்டினேன்: "காட்ட மட்டும். சமைக்கக் கூடாது." ரேணுவிடமும் சொன்னேன். அவர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். தர்மேனிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை மறைக்கப்போவதில்லை. முந்தைய வாரம் அவன் வாழைப்பூ வடை கேமரா முன்னால் உதிர்ந்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே, "பின்னால உள்ள அக்கா பருப்ப சரியா ஊறப்போடல போல" என்றான். நான் ஊறப்போட்டதில் ஒரு குறையும் இல்லை. இவன் பேச்சு சுவாரசியத்தில் எண்ணெய் காய்வதற்கு முன்னால் போட்டான். அந்தப் பேச்சை வெட்டாமல் ஒளிபரப்பினார்கள். என் நாத்தனார் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போன் போட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து தர்மேனிடம் நான் பேசுவதில்லை. எது என்றாலும் ரேணு மூலம்தான்.

அவன் செட்டில் நின்றபோது நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அரைத்துக் கொடுத்த கறுப்பு விழுதைப் பார்த்துக் கேமராக்காரர், "என்ன பாஸ், லோரி எஞ்சின் ஆயில் மாதிரி இருக்கு" என்றாராம். சீட்டு படத்தில் தெரிகிறது என்று யாரோ ஏற்கெனவே கிழித்துவிட்டார்கள். தர்மேன் மேசையிலிருந்த கொட்டையை உடைத்தான். உள்ளே பளிச்சென்று வெள்ளை. "இது நல்லாருக்குலா" என்று நாலைந்தை உடைத்து அரைத்து டம்மி சட்டியில் போட்டுவிட்டான். சட்டி மாறும்போது குழம்பு வெள்ளையிலிருந்து கறுப்பாகுமே? அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. "வேக வேக கலர் மாறும்" என்று கேமராவிடம் பொய் சொன்னான்.

நான் அப்போது சுவருக்குப் பின்னால் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் குரல் காதில் விழக்கூடாது என்று வானொலி வைத்திருந்தேன்.

3. கிள்ளான் சாலை

தர்மேன் மேக்கப் அழித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துவந்தேன். எட்டு நாளுக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "ஏறு."

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் பாதி பவுடரோடு வெளுத்தது. குணாவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஃபெடரல் ஹைவே எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள்கள் பக்கத்துப் பாதையில் பறந்தன. நாங்கள் ஒரு லோரியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குணா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான். சோறு போட்டிருப்பார்கள்.

"கொதிக்க வெச்சோம்லக்கா. அதுல போயிருக்கும்லா" என்றான் தர்மேன்.

"போயிருக்கும்னா நீ ஒரு ஸ்பூன் சாப்பிட்டிருக்கலாமே?"

"அது டம்மி சட்டிக்கா."

"உனக்குத்தான்டா டம்மி. அவன் வீட்டுக்கு அது சாப்பாடு."

லோரி ஓர் அடி நகர்ந்தது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

"என்கிட்ட ஏன்கா சொல்லல?"

"சீட்டு ஒட்டினேன். ரேணுகிட்ட சொன்னேன்."

"ரேணுவா சமைக்கிறாங்க? சட்டியில கைய வெக்கிறவன் நான்தானே? ஒரு வார்த்தை. 'டேய், வெள்ளைய தொடாதே'ன்னு. திட்டியாச்சும் சொல்லியிருக்கலாமே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். ஆனால் அவன் சொன்னது சரி. அதனால் ஹாரனை அடித்தேன். லோரிக்காரர் என்ன பாவம் செய்தாரோ.

4. குணா வீடு

தீபாவளிக்குப் போயிருந்ததால் வீடு தெரியும். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினேன். உள்ளிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. குணா மனைவி லெட்சுமி ஈரத்தலையில் துண்டோடு எட்டிப்பார்த்தாள்.

"அட, அக்கா! ஐயோ, செஃப்பும் வந்திருக்காரா! என்னக்கா சொல்லாம கொள்ளாம? இருங்க, தலைய சீவிட்டு வந்துடறேன், ஒரு போட்டோ…"

"கறி எங்க?"

"என்ன கறி?"

"குணா கொண்டாந்த கறிம்மா! யாரு சாப்பிட்டா?"

லெட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைக்கா. எங்க வீட்டுல யாரு கவுச்சி தொடுவா? அவரு வெள்ளிக்கிழமைன்னா எப்பவும் தாப்பாவ் கட்டிட்டு வந்துடுவாரு. நாங்க சனிக்கிழமைதான் சுட வெச்சு சாப்பிடுவோம். பிரிட்ஜுல இருக்கு."

வாசல் படியிலேயே உட்கார்ந்தேன். தர்மேன் கதவுக் கம்பியில் நெற்றியை முட்டி நின்றான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. நான் அழுதேன்.

குணா இடுப்பில் வேட்டியோடு, நெற்றியில் விபூதியோடு வந்தான். "போன் வண்டிப் பெட்டிக்குள்ள கெடக்குது. என்ன ஆச்சு, ஸ்டூடியோ எரிஞ்சுபோச்சா?"

பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் பையில் குழம்பு, ரப்பர் பேண்டு இரண்டு சுற்று. ஸ்டூடியோவில் கட்டியது கட்டியபடி இருந்தது. அதை நானே கழிப்பறையில் கொட்டி, மூன்று தடவை தண்ணீர் விட்டேன். பையையும் கழுவிக் கட்டி என் காரில் வைத்தேன். அந்தத் தெருவில் ஒரு பூனைக்குக்கூட அது கிடைக்கக்கூடாது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று எல்லாரும் தட்டோடு வந்தபோது குணா தட்டு எடுக்கவில்லை. எந்த வெள்ளிக்கிழமையும் எடுத்ததில்லை. இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். பயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் குணா தர்மேன் பக்கம் திரும்பினான். "உன் குரல நாலு வருசமா நான்தான் நல்லா கேக்க வெக்கிறேன். எனக்கே விஷம் வெச்சியேடா" என்றான். அப்புறம் சிரித்துவிட்டான்.

லெட்சுமி எங்களைப் போக விடவில்லை. விளக்கேற்றிவிட்டு இலை போட்டாள். கத்திரிக்காய் சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம், ரசம். தர்மேன் ரசத்தைக் கையில் வாங்கி வாங்கிக் குடித்தான்.

"ரொம்ப வித்தியாசமா இருக்கேக்கா. இதுல என்ன போட்டீங்க?"

"மிளகு, சீரகம், புளி" என்றாள் லெட்சுமி. "ரசத்துல வேற என்ன போடுவாங்க, செஃப்?"

குணாவுக்குப் புரையேறியது.

5. மறுபடி எடுத்தது

அந்தப் பகுதியை ஒளிபரப்ப விடமாட்டேன் என்று ரேணுவிடம் சொன்னேன். யாராவது வீட்டில் பார்த்துவிட்டு வெள்ளைக் கொட்டையை வாங்கிச் சமைத்தால் யார் பொறுப்பு? அவர் செலவு என்று இழுத்தார். தர்மேன் முந்திக்கொண்டு, "நான் மறுபடி செய்றேன்" என்றான். செவ்வாய்க்கிழமை மீண்டும் எடுத்தோம். இந்தத் தடவை அவன் கேமராவிடம் வெள்ளைக் கொட்டையைக் காட்டி, "இது விஷம், தொடாதீங்க" என்றான். எஞ்சின் ஆயில் நிறத்திலேயே குழம்பு வைத்தான். நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

வாழைப்பூ வடைக்காக அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்கவும் சொல்லவில்லை. அது வேறு கணக்கு, இன்னும் முடியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டம்மி சட்டி என்று ஒன்று கிடையாது. பசித்த மனிதர்கள் இருக்கும் இடத்தில் எல்லாச் சட்டியும் சாப்பாடுதான். சாப்பிட முடியாததைப் போட்டே ஆகவேண்டும் என்றால், கட் சொன்ன நொடியில் பாத்திரம் கழுவும் சோப்பை அதில் ஊற்றிவிடுங்கள். நான் இப்போது இடுப்பில் சோப்புப் பாட்டிலோடுதான் நிற்கிறேன்.

இன்னொன்று எனக்கு வெட்கமானது, ஆனாலும் சொல்கிறேன். வேலை செய்யும் இடத்தில் சண்டை வரும். எனக்கு வாரத்துக்கு ஒன்று வரும். தர்மேனோடு இப்போதும் மாதத்துக்கு இரண்டு தடவை பேச்சு நின்றுபோகும். ஆனால் பேச்சை நிறுத்துவதற்கு முன்னால் அவன் முன்னால் போய் நின்று, எந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவேன். அவனும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வான்.

அதற்குப் பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.